கசரத்து மைதானத்துத் தூக்குமரம்

எத்தனையோ வருஷமாகிவிட்டது, எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. "அதையெல்லாம் இன்னுமா சுமந்துகிட்டுத் திரியுறீங்க?" என்று வீட்டில் கேட்கிறார்கள். சுமக்காமல் என்ன செய்வதாம்? ஒரு ஊரே சேர்ந்து முட்டாள்தனம் பண்ணியது. அதற்கு என் அண்ணன் ஒருத்தன்தான் பலியானான். மற்ற எல்லோரும் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்கள்.

காரைக்காலில் நாங்கள் படித்த இடத்தை 'கொலேழ்' என்பார்கள். பெயர்தான் பெரிசு. பிரெஞ்சுக்காரன் பத்தாம் வகுப்புப் பள்ளிக்கூடத்தையும் அப்படித்தான் கூப்பிடுவான். அதன் பின்பக்கம் அரசலாற்றுப் பக்கமாக ஒரு மைதானம். மழைக்காலத்தில் குளம், கோடையில் புழுதிக்காடு. ஓடுவதற்குச் சுண்ணாம்புக் கோடு போட்ட பாதை உண்டு. அதன் நடுவே ஊர் மாடுகள் குறுக்கே போய் வரும் ஒற்றையடிப் பாதையும் உண்டு. மாடு கடக்கும்வரை ஓட்டப்பந்தயம் நிற்கும். தாண்டிக் குதிக்கிற குழிக்குக் காரைக்கால்மேட்டிலிருந்து கடல் மணல் அடித்துப் போட்டிருந்தார்கள். அதில் கிளிஞ்சல் கிடந்து, குதித்தவன் பின்புறத்தையெல்லாம் கிழிக்கும். ஒரே ஒரு தோல் பந்து. மழையில் நனைந்தால் பூசணிக்காய் கனம் கனக்கும், தலையால் முட்டினவன் அன்றைக்கு முழுக்கத் தலைவலியோடு அலைவான். இவ்வளவுதான் எங்கள் விளையாட்டுச் சொத்து.

இது போக, கிழக்கு மூலையில் ஒரு மரச்சட்டம் நின்றது. பனை உயரத்துக்கு இரண்டு தேக்குக் கம்பம், மேலே குறுக்கே ஒரு உத்தரம், உத்தரத்திலிருந்து தொங்கும் இரண்டு தடித்த கயிறு. பிரெஞ்சில் அதற்குப் 'போர்த்தீக்' என்று பெயர். கயிறு பிடித்து ஏறிப் பழகுவதற்கான சாமான், அவ்வளவுதான். ஆனால் ஊர் அதைத் தூக்குமரம் என்றது. சும்மா கேலிக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நம்பியது. கல்யாண ஊர்வலம் அந்தப் பக்கம் வராது. மரைக்காயர் வீட்டு மாப்பிள்ளை ஊர்வலமானாலும் சரி, செட்டியார் வீட்டுப் பெண்ணழைப்பானாலும் சரி, தெருமுனையில் கொட்டு நின்று, சுற்றிக்கொண்டு வேறு தெருவழியாகப் போகும். பிள்ளைத்தாய்ச்சிகள் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு கடப்பார்கள். சாயங்காலம் கடல்காற்றில் அந்தக் கயிறுகள் ஆடினால், பார்க்கிறவன் கன்னத்தில் போட்டுக்கொள்வான்.

இதில் கூத்து என்னவென்றால், பிரெஞ்சுக்காரனுக்கு ஆளைத் தூக்கில் போடுகிற வழக்கமே கிடையாது. அவன் கழுத்தை வெட்டுகிறவன். அதற்கென்று ஒரு யந்திரமே வைத்திருந்தான். தூக்கு என்பது எல்லைக்கு அந்தப் பக்கத்து சமாசாரம், இங்கிலீஷ்காரன் செய்தது. எங்கள் ஊர் பூவம். அதைத் தாண்டினால் அந்தப் பக்கம்தான். பெண் கொடுப்பது இங்கே, எடுப்பது அங்கே, நிலம் இங்கே, களம் அங்கே என்று வாழ்ந்த ஜனம் நாங்கள். அந்தப் பக்கத்துப் பயத்தைத் தூக்கிக்கொண்டு வந்து இந்தப் பக்கத்துச் சட்டத்தில் மாட்டிவிட்டோம்.

அண்ணனுக்கும் எனக்கும் ஒரு வயசு வித்தியாசம். சின்ன வயசில் காய்ச்சல் கண்டு அவனுக்கு வலது கால் சூம்பிப் போயிற்று. பூவத்திலிருந்து அவனைச் சைக்கிள் பின்னால் உட்கார வைத்து நான்தான் மிதிப்பேன். எதிர்காற்றில் நான் மூச்சுவாங்கினால் பின்னாலிருந்து, "என்னடா, கால் ரெண்டும் சரியா இருக்குறவன் இப்புடி எளைக்கிற?" என்பான். வாய் மட்டும் காது வரைக்கும் இருக்கும் அவனுக்கு.

பந்தாட்டத்தில் அவனை யாரும் சேர்க்க மாட்டார்கள். நாங்கள் புழுதியில் உருண்டு புரளும்போது அவன் போய் அந்தச் சட்டத்தடியில் உட்கார்ந்திருப்பான். சும்மா உட்கார்ந்தவன் ஒருநாள் கயிற்றைப் பிடித்து இழுத்தான். பிறகு தொங்கினான். பிறகு ஏறினான். நாங்கள் ஏறினால் கயிற்றைக் காலால் கவ்விக்கொண்டு தவளை போலத் தத்தித் தத்தி ஏறுவோம். அவனுக்குக் கால் கவ்வாது. அதனால் இரண்டு காலையும் முன்னால் நேராக நீட்டிக்கொண்டு வெறும் கையாலேயே ஏறுவான். எங்கள் கசரத்து முசே, அதாவது தேகப்பயிற்சி வாத்தியார், சைகோன் பட்டாளத்தில் இருந்து வந்தவர். வாத்தியாரை முசே என்றுதான் சொல்வோம். முதல்முறை இதைப் பார்த்தபோது அவர் வாயில் வைத்த விசிலை ஊதாமலே நின்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "தடிமாடுங்களா, பாத்துக்குங்கடா!" என்று கத்தினார்.

விஷயம் இதுதான். பிரவே என்கிற பெரிய பரீட்சையில் எழுத்து மதிப்பெண்ணோடு கசரத்து மதிப்பெண்ணையும் கூட்டுவார்கள். ஓட்டம், குதி, இரும்புக் குண்டு எறிதல், கயிறு ஏறுதல். காலைப் பயன்படுத்தாமல் வெறும் கையால் உச்சி தொட்டால் கயிற்றுக்கு முழு மதிப்பெண். அண்ணன் முந்தின வருஷம் பிரெஞ்சில் கோட்டைவிட்டு, கொஞ்சத்தில் தவறிப்போயிருந்தான். அதனால்தான் நானும் அவனும் ஒரே வகுப்பு. இந்த வருஷம் கயிற்றில் முழுசாக வாங்கினால் அந்தக் குறை அடைபட்டுவிடும். தேறினால் சர்க்கார் ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிற உத்தியோகம். தேறாவிட்டால் கடைத்தெரு தையல்காரரிடம் காஜா எடுக்க உட்கார்த்திவிடுவதாக அப்பா பேசி முடித்துவைத்திருந்தார். "நடவுக்கு ஆவாது, ஏருக்கு ஆவாது, குந்துன எடத்துல செய்யுற வேலைதான் இவனுக்கு" என்பார். தையல் வேலை கேவலமொன்றுமில்லை. ஆனால் தன் காலைப் பார்த்து ஒதுக்கிய வேலை அது என்பதை அண்ணனால் பொறுக்க முடியவில்லை. "இன்னொரு தடவை தோத்தேன்னா செத்துருவேன்டா" என்று என்னிடம் மட்டும் சொன்னான். அவன் அப்படிப் பேசுகிறவன் இல்லை.

அவன் கயிறு ஏறுவது வீட்டுக்குத் தெரியாது. சொன்னால் அம்மா மாரில் அடித்துக்கொள்வாள், அன்றோடு படிப்பு நின்றுவிடும். "கசரத்துன்னா என்னடா பண்ணுவீங்க?" என்று அப்பா கேட்டால், "கைய மடக்கி நீட்டுவோம்ப்பா" என்பான். பொய்யில்லைதானே.

அப்புறம் அந்த நாள் வந்தது. மாலை மாலையாகக் கட்டி, தோரணம் தொங்கவிட்டு, பிரெஞ்சுக் கொடியை இறக்கி நம் கொடியை ஏற்றிய நாள். சந்தோஷமில்லை என்று சொல்வேனா? அண்ணன் முதல்நாளே சட்டையைத் துவைத்துக் காயப்போட்டான். வழி நெடுக, பின்னாலிருந்து கோஷம் போட்டுக்கொண்டே வந்தான், என் காது கிழிந்தது. கொடியேற்றம் முடிந்ததும் ஊரே எங்கள் மைதானத்துக்கு வந்தது. கயிறு இழுக்கும் போட்டி வைத்திருந்தார்கள். அதற்காகக் காரைக்கால்மேட்டுக்காரர்கள் நல்ல முறுக்கான வடம் ஒன்றைத் தோளில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள்.

போட்டி ஆரம்பிக்கவில்லை. அதற்குள் சைக்கிள் கடைக்காரர் ஒருவர் அந்தச் சட்டத்தைச் சுட்டிக் காட்டிவிட்டார். நல்ல மனுஷர்தான், தொண்டைதான் பெரிசு. "இதுலதான்யா நம்மாளுங்களத் தொங்கவுட்டான்! அவன் போயிட்டான், இது மட்டும் இன்னும் ஏன்யா நிக்கிது?"

அவ்வளவுதான். கூட்டம் சட்டத்தைச் சுற்றிக்கொண்டது. அண்ணன் விந்தி விந்தி நடுவில் புகுந்தான்.

"ஐயா, இது தூக்குமரம் இல்லீங்க. புள்ளைங்க கயிறு ஏறிப் பழகுற சட்டங்க. பரீட்சைக்கு வேணுங்க."

"பழகுறாங்களாம்ல! தொங்கிப் பழகுறாங்களாய்யா?"

ஒரே சிரிப்பு. நானும் தொண்டை கிழியக் கத்தினேன், எவன் காதில் விழுந்தது? கசரத்து முசே அன்று வெளியில் தலைகாட்டவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். அண்ணன் என்னைப் பார்த்தான். துண்டை என் கையில் கொடுத்தான். சொன்னால் நம்பமாட்டார்கள், செய்து காட்டினால் நம்புவார்கள் என்று நினைத்தான். கயிற்றைப் பிடித்து ஏற ஆரம்பித்தான்.

அவன் அன்றைக்கு ஏறிய மாதிரி நான் பிறகு எவனையும் பார்த்ததில்லை. சூம்பிய காலும் நல்ல காலும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டியபடி, ஒரு உலுக்கல் இல்லை, ஒரு முக்கல் இல்லை, கைமாற்றிக் கைமாற்றிப் போய்க்கொண்டே இருந்தான். "அம்மாடி!" என்று யாரோ சொன்னது கேட்டது. உச்சியில் உத்தரத்தைக் கையால் தட்டினான். விசில் பறந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பாடா, புரிந்துகொண்டார்கள் என்று நினைத்தேன்.

என்னத்தைப் புரிந்துகொண்டார்கள்!

"சபாஷ்டா தம்பி! அப்புடியே இந்த வடத்தையும் மேல கட்டிட்டு எறங்கு, இழுத்துச் சாச்சுருவோம்!"

சட்டத்தைச் சாய்க்கத்தான் அவன் ஏறினான் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. வடத்தின் முனையை மேலே வீசினார்கள். அண்ணன் அதைத் தள்ளிவிட்டு உத்தரத்தின்மேல் காலைப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"நான் எறங்க மாட்டேன். சாய்க்கிறதுன்னா என்னையும் சேத்துச் சாயுங்க!"

கொஞ்ச நேரம் கெஞ்சிப் பார்த்தார்கள். அப்புறம் பேச்சு மாறியது. "தொரை வீட்டுச் சோத்த தின்னவனாடா நீ?" என்றான் ஒருவன். "இன்னிக்கு நாள்ல பிரெஞ்சுக்காரனுக்குக் காவலா?" என்றான் இன்னொருவன். மண்ணாங்கட்டி ஒன்று பறந்து போய்க் கம்பத்தில் பட்டு உதிர்ந்தது. அடுத்தது அவன் முதுகில் பட்டது. காலையில் எல்லோரையும்விட உரக்கக் கோஷம் போட்டவன் அவன். வேர்வையில் அவன் துண்டு என் கையில் நனைந்துபோயிருந்தது.

யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கொடியேற்றம் பார்க்க மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்திருந்த அப்பா, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். அண்ணாந்து பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அவமானம் என்றுதான் நான் நினைத்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, சைக்கிள் கடைக்காரரைப் பார்த்துக் கைகூப்பினார்.

"எம்புள்ளதாங்க. நொண்டிப் புள்ளைங்க. வெவரம் பத்தாதுங்க அதுக்கு, புத்தி மட்டு. என்னா ஏதுன்னு தெரியாம ஏறிருச்சுங்க. மன்னிச்சு வுட்டுருங்க."

அவ்வளவு ஜனத்துக்கு முன்னால்! என் வகுப்புப் பையன்கள் நிற்கிறார்கள். கணக்கில் எங்கள் எல்லோரையும்விட முதலாக வருகிறவனைப் புத்தி மட்டு என்கிறார். எனக்கு அப்பாவைப் பிடித்துத் தள்ளலாம் போல ஆத்திரம் வந்தது. அவர் மேலே பார்த்து, "எறங்குடா சாமி... எறங்கிருடா" என்றார்.

அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை. அப்புறம் கயிற்றைப் பிடித்து இறங்கினான். அப்பா அவன் கழுத்தைத் தடவிப் பார்த்தார், தோளைத் தடவிப் பார்த்தார், வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வண்டி தெருமுனை திரும்புவதற்குள் வேறொருவன் கம்பத்தில் தொற்றி ஏறி வடத்தைக் கட்டிவிட்டான். போட்டிக்கு வந்த இரண்டு கட்சியும் ஒரே பக்கம் நின்று இழுத்தது. முறிந்த தேக்கை ஆளுக்கொரு துண்டாகத் தூக்கிப்போனார்கள். நான் ஆளில்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பூவத்துக்கு நடந்தேன்.

வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதையே விட்டுவிட்டேன். படித்துக்கொண்டிருந்தவர்கள் பழைய பரீட்சையையே எழுதி முடிக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் பிரவே நடக்கும், கசரத்தும் நடக்கும், கயிறுதான் இல்லை. கசரத்து முசேயிடம் போனோம். அவர் குடும்பத்தோடு பிரான்சுக்குக் கப்பலேறப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். "நான் யாருகிட்டப் போயி மரம் கேப்பேன் சொல்லு? கேட்டாக் குடுக்குறவன் போயிட்டான், இனிமே குடுக்குறவன் இன்னும் வரல" என்றார். மைதானத்தின் ஓரத்தில் ஒரு பெரிய புன்னைமரம் இருந்தது. அண்ணன் அதன் கிளையில் தென்னங்கயிறு கட்டிக்கொண்டான். அந்தக் கயிறு உள்ளங்கையை உரித்தெடுத்துவிடும். மஞ்சள் பற்றுப் போட்ட கையோடு தினமும் ஏறினான். வீட்டில் கேட்டால் சைக்கிள் சங்கிலியில் பட்டது என்போம்.

பரீட்சைக்காரர் பாண்டிச்சேரியிலிருந்து வந்தார். இளவயசு, கொடுமைக்காரர் இல்லை. கயிறு கட்டச் சட்டம் இல்லாததால் அந்தப் பகுதி கிடையாது, மற்ற மூன்றுக்கும் போடுகிற மதிப்பெண்தான் கணக்கு என்று அறிவித்தார். பையன்கள் சந்தோஷத்தில் குதித்தார்கள். அண்ணன் அவர் முன்னால் போய் நின்றான்.

"அந்தப் புன்னையில கயிறு கட்டி வச்சிருக்கேங்க. ஒரு தடவ பாத்துருங்க ஐயா."

அவர் பாவம், வந்து பார்த்தார். அண்ணாந்து கிளையைப் பார்த்தார், அண்ணன் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "நீ ஏறுவேன்னு தெரியுது தம்பி. ஆனா மரம் ஏறுனான்னு நான் எழுதிக்கிட்டுப் போனா அங்க ஏத்துக்க மாட்டாங்க. ஒண்ணு பண்றேன், கால் சரியில்லேன்னு ஒனக்கு விலக்குத் தர்றேன்."

"விலக்குன்னா மார்க்கு உண்டுங்களா?"

"மார்க்கு இல்ல. நீ ஓட வேண்டியதில்ல, அவ்வளவுதான்."

"அப்ப நான் ஓடுறேங்க."

குண்டு எறிந்தான். எல்லோரையும்விடத் தூரம் போயிற்று. எறிந்த வேகத்தில் கால் தாங்காமல் கோட்டுக்கு வெளியே விழுந்தான், செல்லாது என்றார்கள். மறுபடி எறிந்தான், மறுபடி விழுந்தான். குதியில் குழியையே தொடவில்லை. ஓட்டத்தில் நாங்கள் எல்லோரும் ஓடி முடித்து, மூச்சுவாங்கி, உட்கார்ந்தும்விட்டோம். அவன் அந்தப் புழுதியில் ஒற்றையாக வந்துகொண்டிருந்தான். இடுப்பை இழுத்து இழுத்துப் போட்டு, மாட்டுப் பாதையில் இடறி, எழுந்து, கடைசிக் கோடுவரை ஓடித்தான் நின்றான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்னால் பார்க்க முடியவில்லை.

முடிவை வாசலில் நின்று உரக்கப் படித்தார்கள். என் பெயர் வந்தது. அவன் பெயர் வரவில்லை. அவன்தான் என் முதுகில் தட்டி, "நல்லா வந்துட்டடா" என்றான். அந்தக் கையை நான் உதறிவிட்டேன். வழியெல்லாம் அழுதுகொண்டே மிதித்தேன். அவன் பின்னால் பேசாமல் உட்கார்ந்திருந்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா என் முகத்தைப் பார்த்தார், எல்லாம் புரிந்துவிட்டது. "சரி, விடு. நாளைக்குக் காலையில தையல்கடைக்குப் போயிருவோம்" என்றார். அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்தது எனக்கு வெடித்துவிட்டது.

"எல்லாம் ஒங்களாலதான்! அன்னிக்கு நீங்க மட்டும் வராம இருந்திருந்தா அவன் எறங்கியிருக்கவே மாட்டான். நொண்டின்னீங்க, புத்தி மட்டுன்னீங்க, ஊரு முன்னாடி அவனக் கேவலப்படுத்துனீங்க!"

அப்பா என்னை அடிக்கக் கை ஓங்குவார் என்று நினைத்தேன். அவர் ஓங்கவில்லை.

"புள்ள தூக்குமரத்து மேல குந்தியிருக்கான்னு வந்து சொல்றாங்க. எந்தத் தகப்பன்டா வராம இருப்பான்? சுத்தி அத்தன பேரு கயிறும் கையுமா நிக்கிறாங்க. புத்தி மட்டுன்னா வுட்டுருவாங்கன்னு நெனச்சேன்டா."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு, "ஐயோ, அது தூக்குமரம் இல்லப்பா!" என்று அலறினேன். அண்ணன் என் தோளைப் பிடித்து அமுக்கினான்.

"கத்தாதடா. அவருக்கு எப்புடித் தெரியும், நாமதான் சொல்லலையே. மேலேர்ந்து பாத்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நடுங்கிக்கிட்டு நின்னாரு. இன்னும் கொஞ்ச நேரம் நான் மேல இருந்திருந்தா அந்த எடத்துலயே விழுந்திருப்பாரு. அதான் எறங்குனேன்."

அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப அது என்னதுடா?" என்று கேட்டார்.

அண்ணன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான். கயிறு எதற்கு, கையால் மட்டும் ஏறினால் என்ன, அது பரீட்சையில் எப்படிச் சேரும் என்று, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னான். அப்பா குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் அவன் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்கு எல்லாரும் பாக்க ஏறுனியாமே... அதுக்கு எவ்வளவுடா போட்டிருப்பாங்க?"

"முழுசும் போட்டிருப்பாங்கப்பா."

அம்மா சோறு போட்டு வைத்துக் கூப்பிட்டாள், அப்பா எழுந்து வரவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காலையில் வெயில் ஏறியும் அவர் எழுந்திருக்கவில்லை. அண்ணன் குளித்து, துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றான்.

"எழுந்திரிங்கப்பா. தையல்கடைக்கு நேரமாவுது."